முத்துச்செல்வி கேட்ட ஒரே கேள்வி

முத்தையாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துச்செல்வியின் உயரம் மூன்றே முக்கால் அடி. மாற்றுத்திறனாளிகள் போட்டியில் குண்டு எறிந்து மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். அந்த மைதானத்தில்தான் செந்தூர்வேலைப் பார்த்தாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எடை போடும் இடத்தில் அவனுக்கு வேலை. அவனும் அவள் உயரம்தான். யார் அரை அங்குலம் கூடுதல் என்று கல்யாணமான பிறகும் இருவரும் சுவரில் கோடு போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

முத்துச்செல்வி உண்டான நாலாம் மாதம் டாக்டர் ஹேமாம்புஜம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் உயரத்தைக் குறைக்கிற மரபணு ஒண்ணொண்ணு இருக்கு. பிள்ளைக்கு அது வராமலே போகலாம். ஒண்ணு வந்தா உங்களை மாதிரி இருக்கும். ரெண்டும் வந்துட்டா மூச்சு விட முடியாது. பிறந்து கொஞ்ச நாள்தான். பனிக்குட நீரை எடுத்துச் சோதிச்சா தெரிஞ்சிடும். அதுலயும் சின்ன ஆபத்து உண்டு."

"பொழைக்குமா பொழைக்காதா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும் டாக்டரம்மா" என்று முத்துச்செல்வி கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவள் அம்மா செல்லத்தாய்க்கு அது போதவில்லை. "ஏளா, சோதிக்கதுதான் சோதிக்க, குட்டைன்னு வந்தாலும் கலைச்சிரலாம்லா? பஸ்ஸுல ஏற முடியாம, பள்ளிக்கூடத்துல கேலி கேட்டு, நீ பட்டது போதாதா?"

"பட்டேன்தான். அதுக்காவ நான் பொறந்திருக்கவே கூடாதுன்னு சொல்லுதியாம்மா?"

செல்லத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கேட்டுவிட்டாளே தவிர, முத்துச்செல்விக்கும் உறுத்தியது. ரெண்டும் வந்திருந்தால் கலைத்துவிடுவது என்று அவளும் கணவனும் பேசி வைத்திருந்தார்கள். எது வாழலாம் என்று தானும்தானே முடிவு செய்கிறோம்?

"அது மூச்சுக்குத் திணறிச் சாவும். இது நம்மகூட ஸ்கூட்டர்ல சுத்தும். ரெண்டும் ஒண்ணா?" என்றான் செந்தூர்வேல். அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் உறுத்தல் முழுதாகப் போகவில்லை.

மூன்று வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆதார் கார்டுகளைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்தாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டர் முகம் வாடியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க. ஒண்ணு வந்திருக்கு. பிள்ளை உங்களை மாதிரித்தான்..."

"அப்பம் பொழைச்சிரும்!" என்று கத்திக்கொண்டே செந்தூர்வேல் நாற்காலியிலிருந்து குதித்தான். முத்துச்செல்வி அழுதாள், சிரித்தாள், டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். "பொழைச்சிரும்லா? நிச்சயமாத்தான?"

"அந்தப் பயம் இனி இல்லை" என்ற டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எதுக்கு மன்னிப்புக் கேட்டேன்?"

மூன்று சக்கர ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. செய்தியைக் கேட்ட செல்லத்தாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மகள் கேட்காமலே, பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.

பங்குனியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது. துணியில் சுற்றித் தூக்கி வந்த நர்ஸிடம் செல்லத்தாய் பாய்ந்து போனாள்.

"கழுத்துக்கு அடியில நல்லா கையக் குடும்மா! இந்தப் பிள்ளைகளுக்குத் தலை கனம். எம் மவளுக்குக் கழுத்து நிக்கவே எட்டு மாசம் ஆச்சு. ஒனக்குத் தெரியாது, எங்கிட்டக் கொண்டா!"