மைனி எழுதிய ஆமென்

கர்த்தருடைய அன்பில் இணைந்திருக்கும் உங்களுக்கு இதை எழுத எனக்கு ஓர் ஆண்டு ஆகியிருக்கிறது. நன்றி சொல்ல நான் தயங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த விடுதலை இன்னொரு வீட்டின் கண்ணீர் வழியாக வந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

என் கணவர் ஆல்பர்ட் கழக்கூட்டம் என்னும் ஊரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தம் இளமை முழுவதையும் கழித்தவர். சென்ற ஆண்டு, ஈஸ்டர் முடிந்த வாரத்தில், அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் வேலை தேடத் தொடங்கினார். நான் பள்ளி நூலகர். புத்தகங்களுக்கு நடுவில் வாழ்பவள். ஆனாலும் அவரைத் தேற்ற எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

காலையில் அலுவலகத்துக்குப் போவதுபோலவே சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு அமர்வார். வேலைத் தொடர்புகளுக்கான ஒரு வலைத்தளத்தில் தம் புகைப்படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையத்தைப் போட்டார். பாறசாலையில் உள்ள சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களே என்று அன்று மாலையே எடுத்தார். மறுநாள் மறுபடியும் போட்டார். அந்த வளையம் வருவதையும் போவதையும் வைத்தே அவர் மனநிலையை நான் அறிந்துகொண்டேன்.

அவர் எதை எழுதினாலும் எங்கள் மதிய ஜெபக்குழுவினர் கீழே வந்து ‘ஆமென்’ என்றும் ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்றும் எழுதுவார்கள். முதல் ஆமென் எப்போதும் ஸ்டெல்லா மைனியுடையது. மைனி என் கணவருடைய அண்ணனின் மனைவி. செவிலியர் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாணவிகள் வற்புறுத்தி அவரை அந்தத் தளத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

“மைனி, இது வேலை தேடுத இடமாக்கும். சபை இல்ல,” என்றார் என் கணவர் ஒருநாள் போனில்.

“நான் ஆமென் போட்டா உனக்க கம்ப்யூட்டர் கெட்டா போவும்? போடே!”

எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். இத்தனை ஆமென்களுக்கு நடுவில் ஒரு வேலைச் செய்தி வராதா என்று நினைப்பேன்.

ஜூன் மழை தொடங்கியபோது ஒருவர் எழுதினார். பாங்காக்கில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவராம். தம் பக்கத்தில் ‘தேவகிருபையால் நிற்கிறேன்’ என்று போட்டிருந்தார். பொதுவான தொடர்புகளாக எங்கள் ஜெபக்குழுவினரின் பெயர்கள் வரிசையாக நின்றன.

“நம்ம ஆளுதான், பாத்தியா? நம்ம குழுவில பாதிப்பேரு அவருக்க லிஸ்ட்ல உண்டு,” என்றார் என் கணவர். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு அவர் குரலில் இருந்தது.

நேர்காணல் முழுவதும் தட்டச்சிலேயே முடிந்தது. குரலைக்கூடக் கேட்கவில்லை. சுற்றுலா விசாவில் வரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன்.

“போனதுக்குப் பொறவு மாத்தித் தருவாங்களாம். உனக்கு எதிலயும் விசுவாசம் கிடையாது. புக்கு படிச்சுப் படிச்சு சந்தேகம் மட்டும் கூடியாச்சு.”

வலித்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் புதிய வேலையைத் தளத்தில் அறிவித்தார். ஞாயிறன்று சபையில் எழுந்து நின்றோம். கர்த்தர் திறந்த வாசலுக்காகப் போதகர் ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், புது அலுவலகத்தில் உள்ளவர்களுக்குக் கொடுக்க நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க அவர் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தார். நான் அவருடைய பெட்டியின் அருகில் முழங்கால்படியிட்டேன். “ஆண்டவரே, இது உம்முடைய வாசலானால் என் பயத்தை எடுத்துப்போடும். இல்லையானால் அடைத்துப்போடும். அவருக்குச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. வேறு யார் மூலமாவது சொல்லும்.” வேறொன்றும் கேட்கவில்லை. அழுதேன்.

கணவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. மைனி நனைந்தபடி இறங்கினார். கையில் போன்.

“எடே, நீ போகப்பிடாது. சொல்லிட்டேன். இவ சொல்லுதத மொதல்ல கேளு.”

போனில் இருந்தவர் அஞ்சு. மைனியின் பழைய மாணவி, கொச்சியில் செவிலியர். யாராவது ஒரு பதிவின் கீழ் எழுதினால் அந்தத் தளம் அந்தப் பதிவை, கீழே எழுதியவரின் தொடர்புகளுக்கும் காட்டுகிறது. அப்படித்தான் தம் ஆசிரியையின் ஆமெனோடு என் கணவரின் அறிவிப்பு அஞ்சுவின் கண்ணில் பட்டது. அதில் அவர் நன்றி சொல்லியிருந்த மனிதரின் பெயரை அஞ்சு அறிந்திருந்தார்.

“சேட்டா, போகல்லே. என்டெ அனியன் போயதா,” என்றார் அழுகையோடு. போகாதீர்கள் அண்ணா, என் தம்பி போனவன். அவனும் இதே மனிதரை நம்பிப் போனான். அங்கே அலுவலகம் இல்லை. கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, காவலுக்குள் அடைத்து, முன்பின் தெரியாதவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையைச் செய்யவைக்கிறார்கள்.

“வேற ஆளா இருக்கும்,” என்றார் என் கணவர். அவர் குரல் தளர்ந்திருந்தது.

“அப்பம் முகத்தக் காட்டச் சொல்லு,” என்றார் மைனி. “தேவகிருபையால நிக்குதவரு எப்பிடி நிக்காருன்னு நாமளும் பாப்போம்.”

வீடியோ அழைப்பில் வரும்படி என் கணவர் அந்த மனிதருக்கு எழுதினார். கேமரா பழுது என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். அந்த மனிதரின் பக்கம் திறக்கவே இல்லை, எங்களைத் தடுத்துவிட்டிருந்தார். என் கணவர் சிப்ஸ் பொட்டலத்தைக் கையிலிருந்து இறக்காமலே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ பயந்தது சரிதான்,” என்றார். நான் அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி வைத்தேன்.

அதற்குப் பின் வந்த நாட்கள் எளிதாக இல்லை. நன்றி ஜெபம் செய்த சபையின் முன் மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. என் கணவர் நடந்ததை அப்படியே தளத்தில் எழுதினார். அதன் பிறகுதான் குழுவினர் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். அந்த மனிதரை ஒருவருக்கும் தெரியாது. ஒரு சகோதரர் தொடர்பில் இருக்கிறாரே என்று அடுத்தவரும், அவர் இருக்கிறாரே என்று அதற்கடுத்தவரும் சேர்த்திருக்கிறார்கள். அன்பு மிகுந்த நம் கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்த மனிதரிடம் வேலைக்காகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் அன்றே நிறுத்திக்கொண்டார்கள். அதே பதிவைப் படித்த பழைய சக ஊழியர் ஒருவர் அழைத்து, ஒரு சிறு நிறுவனத்தில் ஒப்பந்த வேலைக்கு என் கணவரின் பெயரைச் சொன்னார். முன்பைவிடச் சிறிய வேலைதான். மாலையில் வீடு திரும்புகிறார். அது எனக்குப் போதும்.

அஞ்சுவின் தம்பி ஜிதின் இன்னும் திரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கிறார்கள். எப்போதாவது அவன் குரல் சில நொடிகள் வரும், அறுந்துபோகும். தன் துக்கத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு அஞ்சு பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

பிரியமானவர்களே, வாசல் திறக்க மட்டுமல்ல, அடைக்கவும் தேவனிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார், நாம் அலட்சியம் செய்த ஒரு சொல்லின் வழியாகவும் பதில் அனுப்புகிறார். வேலை தேடும் ஒருவருடைய பதிவைக் கண்டால் ஆமென் எழுதுங்கள். அதன் கீழே உங்களுக்குத் தெரிந்த உண்மையையும் எழுதுங்கள்.

ஞாயிறுதோறும் எங்கள் சபையில் ஜிதினுக்காக ஜெபிக்கிறோம். அன்று வாய் திறவாமல் நின்ற அதே இடத்தில் நின்று, மைனிக்கும் முந்தி நான் ஆமென் சொல்கிறேன். நீங்களும் அவனுக்காகச் சொல்லுங்கள்.