பச்சைப் பந்தலில் சிவப்புச் சேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் போடியில் அறிவியல் வாத்தியார். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் மலையடிவாரக் குரங்கணியில் எங்கள் வீட்டில் நானே பந்தல் போட்டேன். மலைக்காற்றுக்குப் பயந்து மேலேயும் சுற்றிலும் பச்சைத் துணி கட்டினேன்.

சிவப்புச் சேலையில் தங்கை வந்து நின்றாள். பந்தலுக்குள் அது கறுப்பாகத் தெரிந்தது.

"நல்ல காரியத்துல கறுப்புச் சேலையா கட்டிவிடுவீக? எந்திரிங்க, போவோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்.

"அத்தை, சிவப்புத் துணி சிவப்பு ஒளியத்தான் திருப்பி அனுப்பும். பச்சைத் துணியத் தாண்டி அந்த ஒளி உள்ள வர்றதில்ல, அதான் கறுப்பாத் தெரியுது" என்று திணறினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்பா கைகூப்பி அழுதார்.

தங்கை விறுவிறுவென்று வெளியே போய் வெயிலில் நின்றாள். "இப்பப் பாருங்க, அத்தை!"

சேலை செக்கச்செவேலென்று இருந்தது. வெளியே வந்து பார்த்த அந்த அம்மா உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நிச்சயம் நடந்தது. ஒளியைப் பற்றி வருடந்தோறும் பாடம் நடத்திய எனக்கு, அவளை வெயிலுக்கு அழைத்துப்போகத் தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.