அவள் விரல் போன திசை

எனக்கு வலது காது கேட்காது. ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. ஆரியசாலைக் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் வற்றல் மிளகாய் மொத்தக் கடையில், தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் தப்பான பக்கம்தான் திரும்புவேன். சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது.

அப்படிப்பட்ட என்னிடம் என் மனைவியின் தம்பி, குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது, தன் ஹோம் தியேட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர்கள், அடித்தொனிக்கென்று தரையில் வைக்கும் கனத்த சப்வூஃபர் ஒன்று.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"எனக்கு ரெண்டு காதும் உண்டே," என்றாள் மனைவி. "மாட்டித் தாங்க."

கடைகள் மூடிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ரிசீவரின் முதுகைப் பார்த்ததும் மலைப்பாக இருந்தது, அத்தனை துளைகள். விளக்கப் புத்தகத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. படத்தின் சத்தம் முழுவதும் ஒரே கம்பி வழியாக உள்ளே போகிறது. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று ரிசீவர் பிரித்து அனுப்புகிறது. என் வேலை, சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு என்று ஒயரை மாட்டுவது மட்டும்.

மாட்டி முடித்ததும் சோதனைச் சத்தத்தைப் போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்ஷ்' என்றது. எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. சோபாவில் இருந்த மனைவி சிரித்தாள்.

"பின்னாடி ரெண்டும் மாறிப்போச்சு கேட்டோ. டிவியில இடதுன்னு காட்டுது, சத்தம் வலத்துல இருந்தாக்கும் வருது."

அந்த இரண்டு ஸ்பீக்கருக்கு மட்டும், சோபாவை எதிரே பார்த்து நின்று, என் இடது வலதை வைத்து அடையாளச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மாற்றி மாட்டினேன்.

அடுத்தது மைக். ரிசீவரோடு வந்த, எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத ஒன்று. தலை இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டுமென்று புத்தகம் சொன்னதால், சோபாமேல் அரிசி டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். மனைவி மின்விசிறியை நிறுத்தினாள்.

"இனி அனங்காதீங்க," என்றாள். வியர்க்க வியர்க்க இருவரும் அசையாமல் சுவரோரம் நின்றோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் குருவி போல ஒரு சத்தம் எழுப்பி ஓய்ந்தது. பிறகு டிவித் திரையில், எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு வந்தது.

நம்பாமல் டேப் பிடித்து அளந்தேன். ஐந்தும் கிட்டத்தட்ட அதேதான். கிளம்பிய சத்தம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கண்டுபிடிக்கிறதாம். டப்பாமேல் இருந்த மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதற்கும் ஒரே ஒரு காதுதான்.

சாப்பிட்டபின் காட்டைப் பற்றிய ஒரு படம் போட்டோம். திரையில் ஒரு பறவை எழுந்து பறந்து காட்சியிலிருந்து மறைந்தது. மனைவி சட்டென்று கண்ணை மூடினாள்.

"என்ன?"

"பேசாதீங்க. பறவை இங்க உண்டு."

விரலை நீட்டினாள். அந்த விரல் அலமாரியைக் கடந்து, ஜன்னலைக் கடந்து, மெதுவாக எங்கள் தலைக்குப் பின்னால் போனது. பிறகு என் கேட்காத காதின் பக்கமாக வந்து மறுபடி திரைக்குத் திரும்பியது. அதே நொடியில் பறவையும் திரையில் நுழைந்தது. அவள் கண் மூடியே இருந்தது.

ஐம்பது வயதில், ஒரு சத்தம் ஒரு வீட்டுக்குள் நடந்து போவதை அன்றுதான் பார்த்தேன். எல்லாருக்கும் தினமும் இப்படித்தான் கேட்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் ரிமோட்டை எடுத்தேன்.

"இன்னொரு வட்டம் போடட்டுமா?" என்றேன்.

போட்டேன். பறவை மறுபடி பறந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் படத்தில் மழை வந்தது.

"இப்ப எங்க?"

அவள் விரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு கை முழுவதையும் விரித்தாள்.

"எல்லா இடத்திலயும்," என்றாள்.