வானை விட்டு இறங்கியவன் நான்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது என்பார்கள். நான்தான் அதைக் கைவிட்டேன். இந்த நொர்வே நாட்டுக்கு வந்து வடக்கே மீன் ஆலையில் தலை வெட்டினேன். துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் கோப்பை கழுவினேன். இன்று ஒஸ்லோவில் என் பெயர் எழுதிய வான்கள் ஓடுகின்றன. நகர ஓரத்து அம்மருட்டில் அந்த உயரமான கட்டடங்களின் படிகள் மினுங்குகின்றன என்றால் அது என் துப்புரவுக் கம்பனி மினுக்கிய மினுக்கம். பட்டம் பெற்றவர்கள் பலர் என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

என்னிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறான் ஒரு சோமாலிக்காரன். நெடுநெடுவென்று உயரம், கறுப்பென்றால் நல்ல கறுப்பு. எங்கள் பொடியன்களிடம் கேட்டுப் பழகி என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவான். மற்றதெல்லாம் நாங்கள் நொர்வேஜிய மொழியில் கதைப்போம். இது நடந்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். நொர்வே கடவுச்சீட்டு கையில் வந்தால்தான் கென்யாவில் படுக்கையில் கிடக்கும் தாயைப் பயமில்லாமல் போய்ப் பார்த்துத் திரும்பலாம். சாப்பாட்டு நேரமெல்லாம் அவனுக்கு இதே கதைதான்.

பனி உருகி வீதியெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு பகல். குறொன்லாண்டில் சாமான் ஏற்றிக்கொண்டு அம்மருட்டுக்குப் போகிறோம். நான் ஓட்டுகிறேன், அவன் பக்கத்தில். பின்னால் நீல விளக்கு மினுங்கியது. வானை ஓரங்கட்டினேன்.

"அண்ணை, அசையாதேங்கோ. ரெண்டு கையும் ஸ்டியரிங்கிலை வையுங்கோ," என்றான்.

அவனுடைய பெரியப்பா மகன் அமெரிக்காவில் டாக்சி ஓட்டுகிறவன். அங்கே கறுப்புத் தோல் உள்ளவனைப் பொலிஸ் மறித்தால் கை தெரிய வேண்டும், உடம்பு அசையக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில். அந்தப் பாடத்தைத் தொலைபேசியிலேயே இவனுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறான்.

"இது அமெரிக்கா இல்லையடா," என்றேன்.

எனக்கு ஊட்டப்பட்ட பாடம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரனின் காவல் சென்றியைக் கண்டால் தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டையை அவன் கேட்பதற்கு முன்னமே எடுத்துப் பிடித்தபடி நடந்து போக வேண்டும். இறங்காமல் உட்கார்ந்திருந்தவன் கன்னம் வீங்கித்தான் வீடு சேர்வான். சிலர் சேரவே இல்லை. ஒஸ்லோவிலும் முன்பு இரண்டொரு தடவை மறித்தபோது அப்படித்தான் இறங்கி நின்றேன். சிரித்துவிட்டு ஏறச் சொன்னார்கள்.

ஆகவே இறங்கினேன். சட்டைப் பொக்கெற்றுக்குள் கையை விட்டபடி பொலிஸ் காரை நோக்கி நடந்தேன்.

"நில்! கையை வெளியிலை எடு!" இளம் பொலிஸ்காரன் ஒருவன் கத்தினான். நான் அட்டையைத் தேடிக்கொண்டே இன்னும் ஓரடி வைத்தேன்.

எனக்குப் பின்னால் வானின் மறுபக்கக் கதவு திறந்த சத்தம். "அண்ணை! கையை எடுங்கோ! நில்லுங்கோ!" அசையாதே என்று எனக்குச் சொன்னவனே எனக்காக இறங்கி ஓடி வந்துவிட்டான்.

பொலிஸ்காரன் என்னைத் தாண்டிப் போனான். ஆம், என்னைத் தாண்டி! நானும் கறுப்புத்தான், ஆனால் நரைத்த கறுப்பு. ஓடி வந்தவனைச் சேற்றில் குப்புறத் தள்ளி, கையை முறுக்கி, முதுகில் முழங்காலை ஊன்றினான். "எனக்கு மூச்சு விடேலாமல் இருக்கு," என்று இவன் முனகுகிறான். நானோ அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி, "ஐயா, அவன் என்ரை ஆள், என்ரை ஆள்" என்று தமிழில் கத்திக்கொண்டு நிற்கிறேன். என் நொர்வேஜிய மொழி எங்கே போனதோ தெரியாது. முழங்காலை எடுக்கப் பொலிஸ்காரனுக்கு நெடுநேரம் பிடித்தது.

பொலிசைத் தாக்க வந்தான் என்று அவன் மீது எழுதி, தண்டப்பணம் விதித்தார்கள்.

"நான் கட்டுறன், விட்டுத்தள்ளு," என்றேன். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "பொலிசோடை கொழுவி ஆர் வெண்டது? கட்டிப்போட்டு வேலையைப் பாருங்கோ."

அவன் தலையாட்டவில்லை. "கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி, அண்ணை. குடியுரிமை வருசக் கணக்காப் பின்னாலை போயிடும். அதுவரைக்கும் அம்மா இருப்பாவோ?"

என் மகள் இங்கே பிறந்தவள், பள்ளிக்கூட ஆசிரியை. பொலிசையே விசாரிக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பொலிஸ்காரன் மீது முறைப்பாடு எழுதினாள். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். விசாரணைக்குப் போகும் வழியில் காரில் எனக்கு வகுப்பெடுத்தாள்.

"அப்பா, இறங்கினது மட்டும் சொல்லுங்கோ. பொக்கெற்றுக்குள்ளை கை விட்டதைச் சொல்லாதேங்கோ. சொன்னால், ஆயுதம் எண்டு பயந்தன் எண்டு அவன் தப்பிடுவான்."

"எனக்குப் படிப்பிக்கிறியோ? நான் ஆமி விசாரணையே பார்த்தவன்."

"அதுதானப்பா பயமா இருக்கு."

விசாரித்தவர் நடுத்தர வயதுப் பெண். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டார். எனக்கா? வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொக்கெற்றை விட்டுவிட்டு. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் வெறுமனே இறங்கி நடந்தீர்கள் என்றால், உங்கள் ஆள் ஏன் கத்திக்கொண்டு ஓடி வந்தார்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை பொக்கெற்றுக்குள் போகவில்லை என்றால், அவன் ஓடி வந்ததற்குக் காரணமே இல்லை. தாக்கத்தான் வந்தான் என்றாகிவிடும். கை போனது என்று சொன்னால் அவன் தப்புவான், கூடவே முழங்காலை ஊன்றியவனும் தப்புவான். இரண்டுக்கும் ஒரே வசனம்தான்.

கதிரையை விட்டு எழுந்தேன். சைக்கிளை விட்டு இறங்குவது எப்படி, தொப்பியைக் கழற்றுவது எப்படி, அட்டையை எடுப்பது எப்படி என்று அந்த அறையிலேயே நடந்து காட்டினேன்.

"இப்படித்தான் கையை உள்ளே விட்டேன். எங்கள் ஊரில் இது மரியாதை. என்னைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் அவன் ஓடி வந்தான். வானை விட்டு இறங்கியவன் நான்தான். விசாரிப்பதென்றால் என்னை விசாரியுங்கள்."

அவர் எழுதிக்கொண்டார்.

கோடை முடியும்போது பதில் வந்தது. அவன் மீதிருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். பொலிஸ்காரன் மீதும் நடவடிக்கை இல்லை. அந்த நிலைமையில் ஆயுதம் என்று அஞ்சியது விளங்கிக்கொள்ளக்கூடியதாம். முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆயுதம் என்று அஞ்சியது என் கையைப் பார்த்தா, அவன் முதுகைப் பார்த்தா? அப்படியானால் என்னையல்லவா குப்புறத் தள்ளியிருக்க வேண்டும்! குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றாள் மகள். நகரத்திலேயே பெரிய வழக்கறிஞரைப் பிடிப்பேன் என்று அவனிடம் சத்தம் போட்டேன்.

"வேண்டாம், அண்ணை."

"பயமோ?"

"ஓம், பயம்தான். கடவுச்சீட்டு வரும் வரைக்கும் என்ரை பேர் திரும்ப அவையின்ரை மேசைக்குப் போகக் கூடாது."

"அவன் செய்தது பிழையடா! விடச் சொல்லுறியோ?"

"முழங்கால் வைச்சது என்ரை முதுகிலை, அண்ணை."

எந்தக் கதைக்கும் மறுகதை வைத்திருப்பவன் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போய், விட்டுவிடு என்று மகளிடம் சொன்னேன்.

மேல்முறையீட்டுக் காலக்கெடு முடிந்த நாளன்று அம்மருட்டில் வேலை. அவன் மேல்மாடியிலிருந்து படிகளைத் துடைத்துக்கொண்டு இறங்கினான், நான் கீழிருந்து கைபிடிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். நடு மாடியில் சந்தித்தோம்.

"தண்ணி ஊத்தையாப் போச்சு, அண்ணை," என்றான்.

வாளியை நானே தூக்கிக்கொண்டு போய் மாற்றி வந்தேன்.