முனியாயி அமைத்த காட்சி

ஆன்சிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீடு என்றால், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு குழந்தைகள் இல்லம்தான். பதினெட்டு முடிந்ததும் வெளியே வந்தாள். சிம்மக்கல்லில் ஹரிராமின் ஜவுளிக்கடையில் சேலை மடித்து அடுக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே ஹரிராமின் மனைவி பத்மாசினி, "அப்பா அம்மா எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"உசிலம்பட்டிலக்கா. மாடு கன்னு வச்சிருக்காக" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் ஆன்சி.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். திரும்பும்போது கடையில் வாங்கிய அதிரசத்தை அம்மா சுட்டது என்று நீட்டினாள். பத்மாசினி இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றபோது ஆன்சிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொய் தேவைப்படவில்லை. இல்லங்களை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்காக இன்பசேகரன் என்ற நாடகக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடத்தினார். வீடு வாடகைக்குக் கேட்பது, வேலை கேட்டுப் போய் நிற்பது, எல்லாவற்றையும் அங்கே முதலில் நடித்துப் பார்ப்பார்கள். ஆன்சி அங்கே சிங்கம். "நமக்கு நாமதான் சொந்தம்" என்று அவள் வசனம் பேசினால் கூடமே கைதட்டும்.

இல்லத்தில் ஆன்சியின் பாயிலேயே படுத்து வளர்ந்தவள் முனியாயி. ஆன்சி கிளம்பிய அன்று கட்டிக்கொண்டு அழுதவளிடம், "நீ வெளிய வர்ற அன்னைக்கு நேரா என்கிட்ட வந்துரு" என்று சொல்லியிருந்தாள். வேலை கிடைத்ததும் கடை இருக்கும் இடத்தையும் போனில் சொன்னாள். முனியாயி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு புரட்டாசி மதியம், கடை நிறைய வியாபாரிகள் உட்கார்ந்திருந்த நேரத்தில், துணிப்பையும் பிளாஸ்டிக் வாளியுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வந்துட்டேன்!"

ஹரிராம் நிமிர்ந்தார். "யாரும்மா அது? ஒனக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

"தெரியலண்ணே" என்றாள் ஆன்சி. பிறகு வாசலைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள்.

முனியாயியின் முகத்திலிருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றது. "கடை மாறி வந்துட்டேன் போல" என்று சொல்லி, வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஆன்சி அடுத்த சேலையை எடுத்து மடித்தாள். கடை அடைத்த பிறகு பஸ் நிறுத்தம் பஸ் நிறுத்தமாகத் தேடினாள். கிடைக்கவில்லை. இல்லத்துக்குப் போன் போட்டு விசாரிக்க வெட்கம் விடவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியாயி அந்தப் பயிற்சிக்கு வந்தாள். ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்து, அங்கேயே தங்கியிருந்தாள். "நல்லா இருக்கியாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ஆன்சி தலையை ஆட்டிவிட்டு நாற்காலிகளை இழுத்துப் போடப் போனாள்.

அன்றைக்கு இன்பசேகரன், "வெளிய வந்த மொத நாளை நடிச்சுக் காட்டணும். கூட நடிக்கிற ஆளை நீங்களே எடுத்துக்கங்க" என்றார். முனியாயி ஒரு மேசையை இழுத்துப் போட்டு, துண்டுகளைச் சேலைபோல அடுக்கினாள்.

"நான் கடையில வேலை பாக்குற அக்கா. ஆன்சியக்கா, நீ பையோட வா."

எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தாள் ஆன்சி. வாங்கட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தாள். போய் நின்று, "அக்கா, வந்துட்டேன்" என்றாள்.

முனியாயி துண்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "வந்துட்டியாடி! எம்புட்டு நேரமா வெயில்ல நிக்கிற? சாப்பிட்டியா?" இல்லாத முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இது என் தங்கச்சி. சோறு வாங்கிக் குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

கூடம் கைதட்டியது. "இப்பிடி ஒரு அக்கா கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்" என்று முனியாயியிடம் சொன்னான், பயிற்சிக்கு வரும் ஜினோ.

ஆன்சியால் தாங்க முடியவில்லை. "அப்பிடி நடக்கல" என்று கத்திவிட்டாள். "அந்தக் கடையில இருந்தது நாந்தான். இவளைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

முனியாயியின் கண் சிவந்தது. "ஒன்னைய யாரு சொல்லச் சொன்னா? இது என் சீன். நான் எப்பிடி வேணும்னாலும் வச்சுக்கிருவேன். நீ அழுகுறதுக்கா இதைப் போட்டேன்?"

அப்போதுதான் ஆன்சிக்கு உறைத்தது. தன் பாரத்தை இறக்கிவைக்க, முனியாயி ஆசையாகக் கட்டியதை எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டாள். அன்றைக்குக் கடையில் கைவிட்டது போதாதென்று இங்கேயும்.

"காட்சி முனியாயியோடது. அவ வச்சபடியே இருக்கட்டும்" என்றார் இன்பசேகரன்.

மறுநாள் ஆன்சி கடையில் உண்மையைச் சொன்னாள். "அன்னைக்கு அந்தப் புள்ளை மொகத்தை நானும் பாத்தேன்மா" என்றார் ஹரிராம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பத்மாசினிதான் கொஞ்ச நாள் வேலைப் பேச்சைத் தவிர வேறு எதுவும் அவளிடம் பேசவில்லை.

பயிற்சியில் நடித்த காட்சிகளைக் கோத்து இன்பசேகரன் செய்த நாடகம் மாசியில் மேடையேறியது. முனியாயி வைத்த காட்சியில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்து வெளியே வரும்போது, "என் ரூமுக்கு ஒருநாள் வாரியா?" என்று கேட்டாள் ஆன்சி.

"பாப்போம்க்கா."

"கோவமாடி?"

"இருக்கு" என்றாள் முனியாயி.

பங்குனியில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் முனியாயி அறைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை ஆன்சியின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அதுவும் தன் பாரத்தை இறக்குவதற்காகவே இருக்கும் என்று அடக்கிக்கொண்டு, டீயை ஆற்றி அவள் முன்னால் வைத்தாள்.