ஓரகத்தியின் பேனாவும் என் லினக்ஸும்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மாமனார் நடத்திய சின்ன யூனிட்டுக்கு, இரண்டாயிரத்து நான்கு வாக்கில், கம்ப்யூட்டர் வாங்க வைத்ததும் நான்தான். எல்லோரும் போடும் விண்டோஸுக்குப் பதிலாக, டிப்ளமோ படிக்கும்போது பழகிய லினக்ஸையே அதில் போட்டிருந்தேன். பில் போடுவது, கப்புகளில் ஒட்டிச் சுடும் படங்களைத் திரையில் சரிசெய்து அச்சுக்கு அனுப்புவது எல்லாம் என் வேலை. வீட்டு முன்னறையில் அது இருந்த மேசைப் பக்கம் வேறு யாரும் வர மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தவள், வீணாய்ப் போன பில் ஒன்றின் பின்பக்கம் மயில் வரைந்தாள். மாமனார் அதைச் சூளையடியில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். முன்பக்கம் இருந்த என் பில்லை அவர் ஒரு நாளும் யாரிடமும் காட்டியதில்லை.

அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, யுஎஸ்பியில் செருகி வரைகிற பலகையும் பேனாவும் கொண்டுவந்தார். செருகினோம். பேனாவை எவ்வளவு தேய்த்தும் திரையில் அம்புக்குறி அசையவில்லை.

"கெட்டுப் போச்சாங்கக்கா?"

"லினக்ஸுல செருகுன உடனே ஓடாது. இரு, நான் பாக்குறேன்."

ஓடாமலே போனால்தான் என்ன என்று தோன்றியது. ஆனால் என்னால் முடியவில்லை என்று வீட்டில் பேச்சு வருமே, அதைவிட ஓட வைப்பதே தேவலாம். ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்டேன். வீட்டுக்கு வந்து, அவர்கள் சொன்ன டிரைவர் என்ற மென்பொருளை ஏற்றினேன். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ஃபைலைத் திருத்தினேன். ஒரு எழுத்து தப்பினாலும் திரை கறுத்துவிடும். என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு சாயங்காலம் அம்புக்குறி நகர்ந்தது. பேனாவை அழுத்தினால் கோடு தடித்தது. அவள் ஒரு கிளியை வரைய, வீடே கூடிவிட்டது.

"கையா இது! கிளி பறந்துடும் போலல்லவா இருக்குது" என்றார் மாமியார்.

பேனாவுக்கு எப்படி உயிர் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் நானும் ஒரு கப் வரைந்து பார்த்தேன். நசுங்கிய சொம்பு போல வந்தது. அழித்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் திட்டக்குடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கருவிகளைச் செருகும் வரிசை மாறினால் கணினி அவற்றுக்குத் தரும் எண்ணும் மாறிவிடும். ஃபைலில் பழைய எண் இருக்க, பேனா நின்றுபோகும். இந்நேரம் நின்றிருக்கும், என்னைத் தேடுவார்கள் என்று திரும்பும்போது பஸ்ஸில் சந்தோஷமாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அவள் வரைந்துகொண்டிருந்தாள்.

"மவுஸ கழட்டி மாட்டுனேங்கக்கா, பேனா நின்னுடுச்சு. அந்த ஃபைல்ல நம்பர மாத்துனேன், வந்துடுச்சு. நீங்க பண்ணும்போது பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

கிளியை எல்லோரும் மெச்சியபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை. என் வேலையை அவள் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் வேலை எனக்கு எந்த ஜென்மத்தில் வரும்?

அவளுக்குத் தெரியாத ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். எந்த வரிசையில் செருகினாலும் மாறும் எண்ணுக்குப் பதிலாகப் பேனாவுக்கு ஒரே பெயர் இருக்கும்படி கணினியில் விதி எழுத முடியும் என்று படித்தேன். தப்பித் தப்பி எழுதி, கடைசியில் சரியாய் வந்தது. மவுஸைக் கழற்றி மாட்டினேன். பேனா அசராமல் ஓடியது. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நிற்காத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

அவள் மட்டும் கவனித்தாள்.

"இப்ப நம்பரே மாத்த வேண்டாமாங்கக்கா? எப்படிப் பண்ணீங்க? எனக்கும் சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முகத்தில் அவ்வளவு ஆசை. கொஞ்சம் திமிர் இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். வயிறு எரிய எரிய, முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.