அக்காவுக்குக் கொடுத்த மரங்கள்

அப்பா, அம்மா, அக்கா, நான், பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா. ராக்கெட் செய்த தமிழர் ஒருவர் இந்தியாவின் ஜனாதிபதியானதை மாமாவின் டிவியில்தான் பார்த்தோம். இன்று ருவான்வெல்லை பஸ்ஸில் ஒட்டுப்பால் நாறியதும் அந்த வீடு ஞாபகம் வந்தது. மாமா மரத்திலிருந்து சுரண்டிச் சாக்கில் கட்டிவைக்கும் காய்ந்த ரப்பர் பால் அப்படித்தான் நாறும், நாங்கள் யாரும் மூக்கைப் பொத்தமாட்டோம். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயம் இப்போது இல்லை.

“அவரும் சின்னதுல வீடு வீடா பேப்பர் போட்டவராம்,” என்றார் மாமா அன்று.

“நானும் சயன்ஸ் படிக்கிறேம்ப்பா.” அக்கா அப்போதுதான் ஓ லெவல் பரீட்சை பாஸாகியிருந்தாள்.

“இந்தப் பக்கம் தமிழ்ல சயன்ஸ் எங்கம்மா இருக்கு? கொழும்புல தங்கிப் படிக்க நம்மளால ஆகுமா?”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அடுத்த மாதம் அக்கா தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டப் பேர் பதிந்தாள். கங்காணி அவளுக்குப் பிரித்துக் கொடுத்த மரம் இருநூற்று ஐம்பது.